பம்பும் கசிவும்

அன்புள்ள ஐயா,

நான் உடலியங்கியல் முதலாண்டு மாணவன். சோடியம்-பொட்டாசியம் பம்பு 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுப்பதால்தான் நரம்புச் செல்லுக்குள் −70 மில்லிவோல்ட் வருகிறது, சரிதானே? ஓய்வில் இருக்கும் செல்லில் மின்னோட்டமே இல்லை என்று கொள்ளலாமா? சூத்திரங்களை மனப்பாடம் செய்ய எளிய வழி உண்டா?

அன்புடன்,
ஒரு மாணவன்

அன்புள்ள மாணவருக்கு,

மனப்பாடத்தை விடுங்கள். முதல் கேள்வி சில நாட்களாக என் மனதிலும் ஓடிக்கொண்டிருந்தது.

சரியில்லை. மூன்று போய் இரண்டு வந்தால் ஒன்று குறையும் என்ற கழித்தல் கணக்கு சுலபமாக இருப்பதால் எல்லோரும் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். பம்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நீங்கள் ஏன் யோசிக்கவில்லை? ஒவாபெய்ன் என்ற நஞ்சைக் கொண்டு நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலான நரம்புச் செல்களில் உடனே குறைவது சில மில்லிவோல்ட்தான். அப்புறம் உள்ளே வெளியே உள்ள செறிவு வித்தியாசம் கரையக் கரைய, மெல்ல மெல்லத்தான் மீதியும் போகிறது.

அந்த மீதியைத் தருவது கசிவு. செல்லுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைப் போல ஏறக்குறைய 30 மடங்கு. ஓய்வில் செல்லைச் சுற்றியுள்ள சவ்வு தாராளமாக வழிவிடுவதும் அதற்குத்தான். அது வெளியே கசியக் கசிய உள்ளே எதிர்மின்னூட்டம் மிஞ்சுகிறது. மிஞ்சியது பொட்டாசியத்தையே திரும்ப உள்ளே இழுக்கிறது. பொட்டாசியம் மட்டும் கசிந்தால் −90 பக்கத்தில் போய் நிற்கும். கொஞ்சம் சோடியம் உள்ளே கசிந்து அதை −70க்கு ஏற்றிவிடுகிறது. ஓய்விலும் மின்னோட்டங்கள் உண்டு, உள்வருவதும் வெளியேறுவதும் சமமாக இருக்கின்றன. பொட்டாசியத்தின் பங்கை ஜெர்மன் உடலியங்கியலாளர் பெர்ன்ஸ்டைன் 1902லேயே சொல்லிவிட்டார். பம்பாக வேலை செய்யும் நொதியை டென்மார்க் விஞ்ஞானி ஸ்கோ கண்டறிந்தது 1957ல்.

இதையெல்லாம் நானும் படித்து, தேர்வெழுதி, மறந்திருந்தேன். அப்பாவின் சிறுநீரகம் பழுதான வாரத்தில்தான் புரிந்தது. ரத்த அறிக்கையில் பொட்டாசியம் லிட்டருக்கு 7 மில்லிமோல் என்றிருந்தது. 4 இருக்க வேண்டியது 7, மூன்றுதானே கூடியிருக்கிறது என்று நினைத்தேன். மருத்துவர் பதறிப்போய் ஓடி வந்தார். அன்றிரவு கட்டிலருகே உட்கார்ந்து அறிக்கையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வெளியே 4 இருந்தால் பொட்டாசியத்தின் சமநிலை, அதாவது வெளியே கசிவதும் உள்ளே இழுபடுவதும் சமமாகும் மின்னழுத்தம், −95 மில்லிவோல்ட் அருகே, 7 ஆனால் −80. இதயத் தசைச் செல்லின் ஓய்வுநிலை அதை ஒட்டியே ஏறும், துடிப்பின் ஒழுங்கு கெடும். வெளியே அந்த 3 மில்லிமோல் கூடியதற்கே 15 மில்லிவோல்ட்! கசிவின் பலம் எவ்வளவு என்று அப்போது தெரிந்தது.

பம்பு வேண்டாத பொருள் என்று எழுதிவிடாதீர்கள், கோபம் வரும். அந்த 30 மடங்கைச் சேர்த்து வைத்திருப்பது அதுதான். அன்று இதயத்தைக் காக்க முதலில் கால்சியம் கொடுத்தார்கள், பிறகு குளுக்கோஸோடு இன்சுலின். இன்சுலின் பம்பைத் தூண்ட, பொட்டாசியம் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் போகத் தொடங்கியது. விடியற்காலையில் 5.6. அப்பா கண் திறந்து, “ராத்திரி முழுக்க என்ன எழுதிக்கிட்டிருந்தே?” என்று கேட்டார்.

அன்புடன்