வாசகர் கேள்வி: விண்வெளியில் துரத்திப் பிடிப்பது எப்படி?

கேள்வி: மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் இரண்டு விண்கலங்களை மோதவிடாமல் எப்படி இணைக்கிறார்கள்? முன்னால் செல்வதைப் பிடிக்க, பின்னால் வரும் கலம் வேகத்தைக் கூட்டினால் போதாதா?
– வாசகர் ஒருவர், தென்காசி

பதில்: போதாது. 1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலத்தை ஓட்டிச் சென்ற ஜேம்ஸ் மெக்டிவிட்டும் தங்களின் கேள்வியில் உள்ளபடியே செய்துபார்த்தார். தம்மைச் சுமந்து வந்த டைட்டன் ராக்கெட்டின் எரிந்து முடிந்த அடுக்கு சற்றுத் தொலைவில் மிதப்பதைக் கண்டு, அதை நோக்கிக் கலத்தைத் திருப்பி உந்துபொறியை இயக்கினார்; அதுவோ விலகிக்கொண்டே போனது. எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம்.

காரணம் இதுதான். பூமியைச் சுற்றும் கலத்தை முன்னோக்கித் தள்ளினால் அதன் பாதை உயர்ந்துவிடும். உயர்ந்த பாதை நீளமானது, அதில் சராசரி வேகமும் குறைவு என்பதால், ஒரு சுற்றை முடிக்க அதிக நேரமாகி, கலம் பின்தங்கிப்போகும். ஆகவே முன்னால் செல்வதைப் பிடிக்க வேண்டுமானால், முதலில் வேகத்தைச் சற்றுக் குறைத்துத் தாழ்வான பாதைக்கு இறங்கி, அங்கே விரைவாகச் சுற்றி இடைவெளியைக் குறைத்த பிறகு மீண்டும் மேலேற வேண்டும். இரண்டும் ஒரே பாதைக்கு வந்துவிட்டால், 28,000 கிலோமீட்டர் என்ற எண்ணுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று நகரும் வேகமே முக்கியம்.

இரண்டு கலங்களை விண்ணில் இணைத்துப் பார்த்த இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் அந்த வேகம் இணையும் தருணத்தில் நொடிக்குச் சுமார் 10 மில்லிமீட்டர். எறும்பு ஊர்வதைப் போன்றது. தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்கள் 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரே பிஎஸ்எல்வி ராக்கெட்டில் ஏவப்பட்டன. ஜனவரி 7 அன்று நடக்க வேண்டிய இணைப்பு முதலில் 9ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது; பிறகு, கலங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக விலகியதால் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டது. 12ஆம் தேதி 15 மீட்டர், அடுத்து 3 மீட்டர் வரை நெருங்கிய பின்னரும் அறிவியலாளர்கள் அவசரப்படாமல் கலங்களை விலக்கி, கிடைத்த தரவுகளை ஆராய்ந்தார்கள். இந்த முயற்சியில் நான் மிகவும் மதிப்பது, நாடே காத்திருந்தபோது கைக்கெட்டும் தொலைவிலிருந்து பின்வாங்கிய அந்த நிதானத்தைத்தான். ஜனவரி 16 அன்று இணைப்பு நிறைவேறியது; ரஷ்யா, அமெரிக்கா, சீனா ஆகியவற்றுக்கு அடுத்து இதைச் சாதித்த நான்காவது நாடு இந்தியா. மார்ச் 13 அன்று கலங்களைப் பிரித்து, ஏப்ரலில் மீண்டும் இணைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரத்தையும் செலுத்திக் காட்டினார்கள்.

நிலவின் மண்ணைக் கொண்டுவரவிருக்கும் சந்திரயான்-4 திட்டத்திற்கு இந்தத் திறன் இன்றியமையாதது. அதன் பாகங்கள் இரண்டு ராக்கெட்டுகளில் தனித்தனியே சென்று விண்ணில் இணைய வேண்டும். நிலவிலிருந்து மண்ணுடன் எழும்பும் கலமும் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்கும் மற்றொரு கலத்தைத் தேடிச் சென்று சேர வேண்டும். கடினமான கட்டம் அதுதான். ஸ்பேடெக்ஸ் கலங்கள் தம் இருப்பிடத்தை அறிய வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைப் பயன்படுத்தின. நிலவைச் சுற்றி அப்படியொரு வலையமைப்பு இன்னும் இல்லை. பூமியிலிருந்து அனுப்பும் கட்டளை போய்ச் சேரவே ஒரு நொடிக்கு மேலாகும் என்பதால், இறுதி மீட்டர்களைக் கலத்தின் கணினியே பார்த்துக்கொள்ள வேண்டும். நிலவின் சுற்றுப்பாதையில் ஆளில்லாமல் இதைச் செய்துகாட்டியிருப்பது சீனா மட்டுமே; 2020 டிசம்பரில் சாங்கே-5 திட்டத்தின் கலங்களும், 2024 ஜூனில் சாங்கே-6 திட்டத்தின் கலங்களும் அவ்வாறு இணைந்து, நிலவின் மண்ணைப் பூமிக்குக் கொண்டுவந்து சேர்த்தன.