காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை. விடியற்காலை 5 மணிக்கு ட்யூஷன், இரவு படுக்க 12 ஆகிறது. அவன் அப்பா விசைப்படகில் மீன் பிடிக்கப் போகிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. நடிக்கிறானா?
– ஒரு தாய், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: நடிப்பு இல்லை அம்மா. மனம் பதறும்போது குடலின் அசைவு மாறும். வலி நிஜமாகவே வலிக்கும். எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ, தூக்கத்தில் வலி எழுப்பினாலோ மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள்.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அவனுக்கு 5 மணி நேரம்கூட இல்லை. இந்த வயதில் தூக்கம் தரும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகத்தான் சுரக்கும். ஒன்பது மணிக்கே படு என்றால் தூக்கம் வராது. ட்யூஷனை மாலைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் ஒரு பாடத்தையாவது நிறுத்துங்கள்.

அதைவிடப் பெரியது கடன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நின்றால் அந்தப் பேச்சு சோற்றுத் தட்டு வரை வந்துவிடும். பையன் காதில் பாதி விழும். மீதியை அவனே பெரிதாக்கிக்கொள்வான். எவ்வளவு கடன், எப்படி அடைக்கப் போகிறோம் என்று ஒருமுறை உட்காரவைத்துச் சொல்லுங்கள். "அடைப்பது எங்க வேலை, உன் வேலை இல்லை" என்பதையும் அவன் அப்பா வாயாலேயே சொல்லட்டும். "உன்னை நம்பித்தான் இருக்கோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் மார்க் குறைந்தால் குடும்பமே மூழ்கிவிடும் என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான்.

"ஏன் போக மாட்டேங்கிற?" என்றால் வாய் திறக்க மாட்டான். "எந்தப் பீரியட் இருக்கிற நாள்ல வயிறு பிடிக்குது?" என்று கேளுங்கள். வலி வந்த நாள், முதல் பீரியட், தூங்கிய நேரம் மூன்றையும் இரண்டு வாரம் குறித்துவையுங்கள். ஒரே பாடம், ஒரே பையன் என்று ஏதாவது திரும்பத் திரும்ப வந்தால் வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள். லீவு மட்டும் பழக்கமாக வேண்டாம். இன்று வலி அடங்கும், நாளை பள்ளி வாசல் இன்னும் பயமாகும். அரை நாளாவது போகட்டும்.

இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். "செத்துடலாம் போல இருக்கு" என்று ஒரு தடவை சொன்னாலும் அன்றே போக வேண்டும். அவனைத் தனியே விடாதீர்கள், வீட்டிலுள்ள மாத்திரை, பூச்சிமருந்தைப் பூட்டிவையுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அவனும் பேசலாம், நீங்களும் பேசலாம்.