ஆர்மரர் வேலை: தக்கலைத் தாய் ஒருவருக்கு எழுதும் பதில்

மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ முடித்த மகன் எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்க மறுப்பதும், இரவெல்லாம் கைப்பேசியில் ஸ்னைப்பர் துப்பாக்கிகளைப் பற்றிய காணொளிகளையே பார்த்துக்கொண்டிருப்பதும் உங்களை எவ்வளவு கலங்க வைத்திருக்கின்றன என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. துபாயிலிருக்கும் உங்கள் அண்ணன் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கச் சொல்லி நாள்தோறும் அழைக்கிறார். அதற்காகக் குலசேகரம் பக்கத்திலுள்ள ஐம்பது சென்ட் ரப்பர் விளையை ஈடுவைக்க உங்கள் கணவரும் அரைமனதாகச் சம்மதித்திருக்கிறார். பையனுக்குப் புத்தி கெட்டுவிட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். கெடவில்லை. ஆனால் இதற்கு மேல் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. சேர்க்கைக் காலம் நெருங்குகிறது, விளையின் பத்திரம் இன்னும் உங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது, அது அங்கேயே இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு செய்திகளே எனக்கு முக்கியமாகப் பட்டன. ரப்பர் ஷீட் அடிக்கும் பழைய ரோலரில் ஷீட் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வந்தபோது, தேய்ந்த புஷ்ஷை அவனே கண்டுபிடித்து, லேத் பட்டறையில் புதிது கடைந்து வாங்கி மாட்டிச் சரிசெய்தான் என்பது ஒன்று. காணொளிகளில் சுடும் காட்சிகளை ஓட்டிவிட்டு, துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டும் பகுதியையே திரும்பத் திரும்பப் பார்க்கிறான் என்று அவன் அக்காள் சொன்னது மற்றொன்று. துப்பாக்கியால் என்ன செய்யலாம் என்பதைவிட அது எப்படி வேலை செய்கிறது என்பதில் மனம் நிற்கும் பிள்ளை அவன். அப்படிப்பட்டவர்களுக்கென்றே, துப்பாக்கிகளைச் சோதித்துப் பழுது பார்க்கும் ஒரு தொழில் இருக்கிறது. படைகளிலும் காவல்துறையிலும் அவர்களை ஆர்மரர் என்று அழைக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. விருப்பத்தோடு படிக்கும் பிள்ளைகளை அங்கேயே அனுப்புகிறேன். ஆனால் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேர்ச்சி பெற்ற, கணினியின் மீது எந்த ஈர்ப்பும் காட்டாத ஒருவனை, முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் மாமா கட்டுவார் என்ற நம்பிக்கையில், நான்கு ஆண்டுகளுக்கு ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்கும் ஒரு சுயநிதிக் கல்லூரியில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியாது. உறவினர்களின் வாயில் பெருமையாக ஒலிப்பதற்காக, பால் வடியும் மரங்கள் நிற்கும் விளையை வங்கிக்கு எழுதிக் கொடுப்பது படிப்புச் செலவாகாது. அந்தக் கடனை அடைக்கப் போவது மாமா அல்ல, வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உங்கள் மகன்தான்.

இனி ஆர்மரர் என்பவரின் வேலையைச் சொல்கிறேன். பெரும்பாலான குடும்பங்களுக்கு இது தெரியாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய .303 லீ என்ஃபீல்டு துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். வங்காளத்திலுள்ள இஷாப்பூர் தொழிற்சாலை அதைப் பல்லாண்டுகள் தயாரித்தது. 1962 போருக்குப் பின் அதே வடிவத்தில் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்றவாறு 2ஏ, 2ஏ1 என்ற வகைகளையும் செய்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடுதான் .303 துப்பாக்கிக்கு விடைகொடுத்தது. இத்தனை காலம் அவற்றை உயிரோடு வைத்திருந்தவர்கள் ஆயுதக் கிடங்குகளில் இருந்த ஆர்மரர்களே. தோட்டா சேம்பரில், அதாவது குழலின் பின்முனைக் குழியில், அமர்ந்து, அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் என்ற எஃகுத் தண்டு பூட்டிய பிறகு இருக்கும் இடைவெளி கூடினால், சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு பிளந்து, சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து நேரலாம். அதைச் சோதிக்க இரண்டு எஃகு கேஜ்கள், அதாவது அளவுக் கட்டைகள், உண்டு. 0.064 அங்குல கேஜின் மேல் போல்ட் தடையின்றிப் பூட்ட வேண்டும், 0.074 அங்குல கேஜின் மேல் பூட்டவே கூடாது. நான்காம் எண் என்ற லீ என்ஃபீல்டு வகையில் போல்ட்டின் தலை தனியாகக் கழன்று வரும். 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட தலைகள் ஒன்றைவிட ஒன்று இம்மியளவு நீளம் கூடியவை. இடைவெளி கூடிய துப்பாக்கிக்கு அடுத்த எண்ணுள்ள தலையை மாட்டி, மீண்டும் கேஜ் வைத்துப் பார்த்து, விரலில் உணரும் அந்தச் சிறு தடையை வைத்து முடிவெடுப்பார் ஆர்மரர். உங்கள் மகன் ரோலரின் புஷ்ஷில் தேடியதும் இதே தேய்மானத்தைத்தான்.

ஸ்னைப்பர் துப்பாக்கியில் இந்த நுட்பம் இன்னும் கூடுகிறது. இரண்டாம் உலகப் போரில், தொழிற்சாலையில் குறி தவறாமல் சுட்ட நான்காம் எண் துப்பாக்கிகளைத் தனியே பொறுக்கி எடுத்து, பெரும்பகுதியை லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். பக்கவாட்டில் தளம் பொருத்தி, தோளில் அணைக்கும் பட் கட்டையின் மேல் கன்னம் வைக்க ஒரு மரத்துண்டு திருகி, 32ஆம் எண் தொலைநோக்கியை ஏற்றினார்கள். முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைக்கப்பட்ட தொலைநோக்கி அது. அந்தத் தொலைநோக்கியின் எண்ணைத் துப்பாக்கிக் கட்டையின் கழுத்திலேயே அச்சடித்து வைத்தார்கள்; ஏனென்றால் ஒரு துப்பாக்கிக்குச் சரிபார்த்த தொலைநோக்கி இன்னொன்றில் ஏறினால் குறி மாறிவிடும். கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு பிசகினால் 100 மீட்டரில் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் விலகும். அதே பிசகு 800 மீட்டரில் ஒரு சாணைத் தாண்டும். மழைக்காலத்தில் முன்கட்டையின் மரம் ஈரம் உறிஞ்சிக் குழலை ஒரு பக்கம் தள்ளினாலே இப்படி நேரும். ஆகவே மரம் இரும்பைத் தொடும் இடங்களை மெல்லச் சீவிச் சரிசெய்வதும் ஆர்மரரின் வேலையாயிற்று. இரும்பு வேலையும் தச்சு வேலையும் ஒரே கையில் கூடும் தொழில்கள் இன்று மிகச் சிலவே.

நம் படைகள் நெடுங்காலம் நம்பியிருப்பது 1963இல் சோவியத் படை ஏற்றுக்கொண்ட டிராகுனோவ் துப்பாக்கியை. அண்மை ஆண்டுகளில் .338 லப்புவா மேக்னம் தோட்டாவுக்கான இத்தாலிய, பின்லாந்துத் துப்பாக்கிகளும் வந்திருக்கின்றன. நம் திருச்சியில் 1966 முதல் இயங்கும் படைக்கலத் தொழிற்சாலை, தொலைவிலுள்ள வாகனங்களையும் கருவிகளையும் சேதப்படுத்தும் வித்வன்சக் என்ற கனரகத் துப்பாக்கியைத் தயாரிக்கிறது. 2021 முதல் அது அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. பெங்களூருவின் எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ் போன்ற தனியார் நிறுவனங்களும் ஸ்னைப்பர் துப்பாக்கி செய்கின்றன. எந்த நாட்டில் செய்த துப்பாக்கியானாலும், முனை தேய்கிறதா, குழலின் உட்பள்ளங்கள் அரிக்கின்றனவா, விசை ஒரே அழுத்தத்தில் விடுபடுகிறதா என்று இங்கே ஒருவர் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

இதற்கான பாதை நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்திலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் தொடங்குகிறது. ஃபிட்டர், மெஷினிஸ்ட், டர்னர் ஆகிய மூன்றும் இரண்டாண்டுப் பிரிவுகள். அங்கே எது இருக்கிறதோ, எதில் இடம் கிடைக்கிறதோ அதில் சேரலாம். என் தேர்வு ஃபிட்டர். அரம் பிடிக்கும் கைப்பழக்கத்தை அதைப்போல வேறெதுவும் தருவதில்லை. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பேருந்துச் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். ஐ.டி.ஐ. முடித்தவுடன் திருச்சித் தொழிற்சாலை போன்ற இடங்களில் தொழிற்பழகுநராக ஆள் எடுக்கும் அறிவிப்புகளைக் கவனித்து விண்ணப்பிக்க வேண்டும். படிப்பு அத்தோடு நின்றுவிடும் என்று அண்ணன் சொன்னால், ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ.யிலும் அப்படியே சேரலாம் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அப்போதும் அவன் பொறியாளர் ஆகலாம். நிலம் மட்டும் போகாது.

ராணுவத்தில் 1943இல் உருவான இ.எம்.இ. என்ற பொறியியல் பிரிவுதான் ஆயுதங்களைப் பழுது பார்க்கிறது. இன்று வீரராகச் சேரும் வழி அக்னிவீர். தொழில்நுட்பப் பிரிவில் ஐ.டி.ஐ. சான்றிதழுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. ஆனால் இதில் உங்களை நான் ஏமாற்ற மாட்டேன். அது நான்காண்டுப் பணி. அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கினரே நிரந்தரமாக்கப்படுகிறார்கள். எந்தத் தொழிலில் பயிற்சி தருவது என்பதைப் படைதான் முடிவு செய்யும். மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் மாநில ஆயுதப்படையிலும் ஆர்மரர்கள் உண்டு. பெரும்பாலும் காவலராகச் சேர்ந்த பிறகே அந்தப் பயிற்சி கிடைக்கும். அங்கெல்லாம் அவன் கைக்கு வருவது அன்றாடம் சாதாரணத் துப்பாக்கிகளும் பிஸ்டல்களும்தான், ஸ்னைப்பர் துப்பாக்கி எப்போதாவது வரும். இவை எதுவுமே அமையாவிட்டாலும், ஆயிரத்தில் ஓர் அங்குலம் அளக்கத் தெரிந்த ஃபிட்டருக்கு ஓசூரிலும் கோவையிலும் திருச்சியிலும் பட்டறை வேலை உண்டு. அதனால்தான் இந்த வழியை அச்சமின்றிச் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். கீரிப்பாறை, பேச்சிப்பாறை மலையடிவாரங்களில் பன்றி விரட்ட என்று யாராவது நாட்டுத் துப்பாக்கியைக் கொண்டுவந்து, ‘தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துக்கொடு’ என்றால் அவன் தொடவே கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமமின்றித் துப்பாக்கி செய்வது மட்டுமல்ல, பழுது பார்ப்பதும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தது ஏழாண்டுச் சிறை, ஆயுள்வரையும் நீளலாம். வழக்கு ஒன்று பதிவானால் படையும் தொழிற்சாலையும் காவல்துறையும் அவனுக்கு ஒரே நாளில் மூடிவிடும். காணொளி பார்த்து வீட்டில் குழாய் வைத்து எதையாவது செய்து பார்க்கிறானா என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஆயுதத் தொழில் நம் குடும்பத்துக்கு ஆகுமா என்று கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சு வீரர் டி லனாய், பின்னாளில் திருவிதாங்கூர்ப் படையின் வலிய கப்பித்தானாக, அதாவது தலைமைத் தளபதியாக, உயர்ந்து, அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். பீரங்கி வார்க்கும் பட்டறையும் அதற்குள் இருந்தது. இந்த ஊர்க் கொல்லர்களுக்கும் கன்னார்களுக்கும் புதிதான வேலை அல்ல இது. கணவரும் மகனுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்வரட்டும்; பேச்சு அங்கிருந்து எளிதாகத் தொடங்கும்.

அதற்கு அடுத்த வாரம் அவனைக் கோணத்துக்கு அழைத்துச் சென்று, பயிற்சிக்கூடத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஃபிட்டர் மாணவர்கள் முதல் மாதங்களில் செய்வது ஓர் இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, அரத்தால் தேய்த்து, மட்டக்கோலை வைத்து வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்து, மீண்டும் தேய்ப்பதுதான். கை கொப்பளிக்கும், சலிப்பு தட்டும். அதைப் பார்த்த பிறகும் சேர வேண்டும் என்று அவனே சொன்னால் சேருங்கள். ‘எப்போது சுடக் கற்றுத் தருவார்கள்?’ என்பதுதான் அவனுடைய முதல் கேள்வியாக இருந்தால், இந்தக் கடிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவனை என்னிடம் அழைத்து வாருங்கள். வேறு வழி பேசுவோம். எப்படியானாலும் விண்ணப்பிக்கும் முன் ஒரு கண் மருத்துவரிடம் பார்வையையும் நிறம் பிரித்தறியும் திறனையும் சோதித்துவிடுங்கள். இவற்றில் குறை இருந்தால் படைகளில் தடையாகக்கூடும், இரண்டாண்டு கழித்துத் தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது. அண்ணனிடம் பேச உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் அவர் எண்ணைக் கொடுங்கள், நானே பேசுகிறேன்.