பழைய பிரெஞ்சுப் பயண நூல்கள் சோறு போடுமா?

ஐயா, உங்கள் மகள் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, 16ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர்களின் கடல் பயணங்களை ஆராயப் போவதாகச் சொல்கிறாள். "இது சோறு போடுமா?" என்று கேட்கிறீர்கள். உடனே போடாது. பேராசிரியர் பதவிகள் குறைவு, போட்டி அதிகம். அதற்காக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அவள் எதில் மயங்கியிருக்கிறாள் என்று பாருங்கள். 1555-இல் பிரேசிலில், இன்றைய ரியோ டி ஜெனிரோ விரிகுடாவில் ஒரு தீவில் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினார்கள். 1560-இல் போர்த்துகீசியர் அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். ஆந்த்ரே தெவே என்ற கத்தோலிக்கத் துறவி சில வாரங்களே அங்கே இருந்தார், அதிலும் நோயோடு. 1557-இல் புத்தகம் போட்டுவிட்டார். அப்புறம், குடியேற்றம் குலைந்த பழியைப் புராட்டஸ்டண்டுகள் மேல் போட்டார். செருப்புத் தைக்கும் தொழில் தெரிந்த ழான் தெ லெரி என்ற புராட்டஸ்டண்டு, அங்கே வாழ்ந்த டூபினாம்பா பழங்குடி மக்களோடு பழகித் திரும்பியவர். தெவேக்குப் பதில் சொல்லும் விதமாக 1578-இல் தன் நூலை வெளியிட்டார். யார் சொல்வதை எவ்வளவு நம்புவது? ஆய்வாளரின் வேலையே அதுதான்.

இந்த நூல்களை ஆராய்வதில் பெயர் பெற்ற பிராங்க் லெஸ்த்ரங்கான் வரலாற்றுத் துறைக்காரர் அல்ல, இலக்கியத் துறைக்காரர். அதனால் வரலாற்றுத் துறைகளுக்கு மட்டும் விண்ணப்பித்து நிற்க வேண்டாம். பிரெஞ்சு இலக்கியத் துறைகளையும் பார்க்கட்டும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் 'காலிகா' தளத்தில் லெரியின் பழைய பதிப்பு இலவசமாகக் கிடைக்கும். அதில் இரண்டு பக்கம் படித்துத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அந்த அச்சில் எஸ் எழுத்து எஃப் போலத் தெரியும். யூவும் வீயும் இடம் மாறி நிற்கும். எரிச்சல் வந்தால் இந்தத் துறை அவளுக்கு ஒத்துவராது. இன்னும் இரண்டு பக்கம் கேட்டால் யோசிக்கலாம்.

பிரெஞ்சு மொழியில் பி2 நிலையை (ஐரோப்பிய மொழித்தர அளவில் ஆறில் நான்காம் படி) முடிப்பதுதான் முதல் செலவு, வீண் போகாத செலவும் கூட. ஆய்வு கைகூடாவிட்டாலும் மொழிபெயர்ப்பு, பிரெஞ்சு ஆசிரியர் வேலை, ஆவணக் காப்பகம் என்று வழி இருக்கும். பிரான்ஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்கு நம்மைப் போன்ற வெளிநாட்டாருக்கு 2019 முதல் கட்டணம் கூடியிருக்கிறது. முனைவர் படிப்புக்கு அந்த உயர்வு இல்லை. மூன்று ஆண்டுச் சம்பளத்தோடு ஆய்வு ஒப்பந்தமும் உண்டு, கிடைப்பதுதான் கடினம். கடன் வாங்கித்தான் முதுகலைக்கு அனுப்ப வேண்டும் என்றால் இந்த ஆண்டு வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது அவளையும் கூட்டி வாருங்கள், அந்த இரண்டு பக்கத்தோடு.