ஒன்பது குழந்தைகளும் ஒரு பெயர்ப் பட்டியலும்

கேள்வி: பெங்களூரில் எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தீசிஸுக்காக அல்சூர் பக்கம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேருக்குக் கன்னட வாசிப்புச் சோதனை வைத்தேன். 9 பேர் ரொம்பக் குறைவு. அதில் 7 பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். இவர்களுக்கு டிஸ்லெக்ஸியா (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) என்று எழுதலாமா? தலைமை ஆசிரியை இவர்களுடைய பெயர்ப் பட்டியலையும் கேட்கிறார்.
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: எழுதாதீர்கள். பட்டியலையும் கொடுக்காதீர்கள்.

அந்த 7 பேரும் எந்த எழுத்தில் தடுக்கி விழுந்தார்கள் என்று முதலில் பாருங்கள். ‘கல்’, ‘தங்கம்’ இரண்டுக்கும் தமிழில் ஒரே ‘க’தான், ஓசைதான் மாறும். கன்னடத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்துகள். தமிழ் வீட்டுப் பிள்ளை அங்கே குழம்புவது நோயல்ல. கன்னடம் படிக்கும் குழந்தைகளுக்கே எழுத்துகள் முழுதாகக் கைவர நான்காம் வகுப்பைத் தாண்டியும் ஆகிறது என்று உளவியல் ஆய்வாளர் சோனாலி நாக் 2007-இல் எழுதிய ஆய்வு காட்டுகிறது. அதைக் கட்டாயம் படியுங்கள். மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் கொண்டுவந்த டி.எஸ்.எம்.-5 நூலும், பாடமொழி சரியாகத் தெரியாததால் வரும் சிரமத்தைக் கற்றல் குறைபாட்டில் சேர்க்கக் கூடாது என்கிறது. குறைபாடு என்று சொல்ல, தனிக்கவனத்தோடு சொல்லிக் கொடுத்தும் 6 மாதமாவது சிரமம் தொடர வேண்டும். ஒருநாள் சோதனையை வைத்து எப்படி அதைச் சொல்வீர்கள்?

பட்டியல் விஷயத்தில் நானே தவறு செய்தவள். என் ஆய்வின்போது ஸ்ரீராமபுரம் பக்கம் ஒரு பள்ளியில், நல்லது என்று நினைத்து 6 பெயர்களை எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் போனால் ஒரு பையன் கடைசி பெஞ்சில் இருந்தான். அவன் தர்மபுரியிலிருந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கன்னட எழுத்தையே அப்போதுதான் பார்க்கிறான். நான் அதைக் கேட்கவே இல்லை. அவன் அம்மாவும் ஆய்வுக்குத்தான் கையெழுத்துப் போட்டாரே தவிர, மகன் பெயரை ஊருக்குச் சொல்ல அல்ல.

ஆசிரியைக்கு வகுப்பின் பொதுநிலையைச் சொல்லுங்கள், போதும். குழந்தையைப் பற்றிய பேச்சு பெற்றோரிடம் மட்டும், சாயங்காலம் வேலை முடிந்து அவர்கள் வந்த பிறகு, தமிழில்.

அப்புறம் உங்கள் கைடிடம் பேசி, எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் பெற்றோர் சம்மதமும் வாங்கிக்கொண்டு, அந்த 7 பேரிடமும் தமிழில் வாய்மொழியாக ஒரு சோதனை செய்யுங்கள். ‘மரம்’ என்பதில் ‘ம’வை எடுத்தால் என்ன மிஞ்சும்? ‘பட்டம்’ மாதிரி ஒலிக்கும் இன்னொரு சொல் என்ன? மாட்டேன் என்று தலையசைக்கிற குழந்தையை விட்டுவிடுங்கள், எட்டு வயதுப் பிள்ளையின் மறுப்பும் மறுப்புதான். தமிழிலும் திணறுகிறவர்கள் இருந்தால் அவர்களைத்தான் முழுமையான பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிப் பெற்றோரிடம் பேச வேண்டும். அது ஒருவரோ இருவரோ, அந்த எண்ணையே தீசிஸில் எழுதுங்கள்.