இங்கே அரியர் கிடையாது, தம்பி

பல்லடத்துத் தம்பிக்கு வணக்கமுங்க.

நீங்கள் எழுதியிருந்ததை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். சிஎஸ்இ, சிஜிபிஏ 7.6, சரவணம்பட்டியில் இரண்டு வருஷமாக டெஸ்டிங் வேலை. வீட்டில் விசைத்தறி, கூலிக்கு ஓட்டுகிறார்கள். ஜெர்மனியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸ் படிக்க ஆசை. எந்த யுனிவர்சிட்டி நல்லது, வந்த மாதமே பார்ட் டைம் பிடித்துச் செலவையும் பார்த்து ஊரில் கடனுக்கு வட்டியும் கட்ட முடியுமா, பாடம் ஆங்கிலத்தில் என்றால் ஜெர்மன் எதற்கு, ஏஐ வந்த பிறகு இந்தப் படிப்பு தேவையா, குளிர், சாப்பாடு. இவ்வளவுதானே?

யுனிவர்சிட்டி கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். தரவரிசைப் பட்டியலை மூடி வையுங்கள். அரசுப் பல்கலைக்கழகமா, அவர்கள் கேட்கிற பாடங்களை நீங்கள் பி.இ.யில் படித்திருக்கிறீர்களா, இந்த இரண்டைப் பார்த்தால் போதும். மார்க்கை இங்கே ஒரு கணக்குப் போட்டு மாற்றுவார்கள். உச்ச மார்க்கில் உங்கள் மார்க்கைக் கழித்து, உச்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டவேண்டும். உச்சம் 10, பாஸ் 5 என்று வைத்தால் உங்கள் 7.6 இங்கே 2.44. இங்கே 1 தான் உசத்தி, 4 கடைசிப் பாஸ். பல இடங்களில் 2.5 வரை எடுக்கிறார்கள், ஆக வேலி ஓரமாக உள்ளே நிற்கிறீர்கள். பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மட்டும் 2017 முதல் நம்மிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000, 6,000 யூரோ என்று ஆரம்பித்துவிட்டது. நம் படிப்புச் சான்றிதழ்கள் அசல்தான் என்று சரிபார்த்துத் தருகிற ஏபிஎஸ் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள், 18,000 ரூபாய். 2022 நவம்பருக்குப் பிறகு அது இல்லாமல் மாணவர் விசா கிடையாது.

காந்திபுரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட கன்சல்டன்சிக்குப் போய் உட்கார்ந்து, "எங்க சர்வீஸ் ஃப்ரீங்க சார்" என்று டீயும் வந்துவிட்டதென்றால், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் அவருக்குப் பத்துப் பைசா தராது. கமிஷன் தனியாரிடம்தான் இருக்கிறது, அதனால்தான் அவர் வாயில் முதலில் தனியார் பெயர் வருகிறது. பிளாக்டு அக்கவுண்ட்டுக்கு, அதாவது விசாவுக்காக ஒரு வருஷச் செலவைப் பூட்டி வைக்கிற கணக்குக்கு, நாங்களே பணம் போடுகிறோம், நீங்கள் ஜெர்மனியில் இறங்கியதும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்கிறவர்களும் உண்டு. அந்தப் பணம் உங்கள் சோற்றுக்காக வங்கியில் வைப்பது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எதைச் சாப்பிடுவீர்கள்?

சரி, பார்ட் டைமுக்கு வருகிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்துத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

பனியில் நின்று வீடியோ போடுகிறவர்கள் சொல்கிற கணக்கு இது. 2026ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. வாரம் 20 மணி நேரம் என்றால் 278, மாதத்துக்கு ஏறக்குறைய 1,200. பிளாக்டு அக்கவுண்ட்டில் 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ காட்டவேண்டும், அதிலிருந்து மாதம் 992 விடுவிப்பார்கள். 992ல் வாழலாம் என்று அரசாங்கமே சொல்கிறது, கையில் 1,200 வருகிறது, அப்புறம் என்ன கவலை? எனக்கும் 2018ல் இதே கணக்கைத்தான் கோயம்புத்தூரில் போட்டுக் காட்டினார்கள். அப்போது கூலி 8.84, பிளாக்டு அக்கவுண்ட் 8,640.

கூட்டல் பெருக்கல் எல்லாம் சரிதான். பரீட்சையை மட்டும் அதில் சேர்க்கவில்லை.

நம்மூரில் பரீட்சை போனால் அரியர். அடுத்த செமஸ்டர் எழுதலாம், அதற்கடுத்தும் எழுதலாம், கோர்ஸ் முடிந்து வேலைக்குப் போய், கல்யாணம் முடிந்தும் வந்து எழுதியவர்களை எனக்குத் தெரியும். 2020ல் கொரோனா சமயத்தில், கட்டணம் கட்டியவர்களுக்கு அரியர் எல்லாம் பாஸ் என்று அரசு அறிவித்தபோது முதல்வருக்கு நன்றி சொல்லி பேனரே வைத்தார்கள். அப்புறம் அதைத் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ எதிர்த்தது, வழக்கு நீதிமன்றம் போனது, அது வேறு கதை. அந்தப் பழக்கத்தோடு இங்கே வருகிறோம். இங்கே பெரும்பாலான இடங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று தடவைதான். மூன்றாவது தடவையும் போனால், அது கட்டாயப் பாடமாக இருந்தால், பெயரை நீக்கிவிடுவார்கள். அதோடு முடிவதில்லை. அதே படிப்புக்கு வேறு ஊரில் விண்ணப்பித்தால், முந்தைய இடத்தில் இப்படித் தேர்வு எழுதும் உரிமையை இழக்கவில்லை என்று சான்றிதழ் கேட்பார்கள். மாணவன் என்ற பெயர் போனால் விசாவும் ஆட்டம் காணும். வாய்ப்புகளின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும், அட்மிஷன் வந்த அன்றைக்கே தேர்வு விதிமுறைப் புத்தகத்தை இறக்கி வாசியுங்கள். ஜெர்மனில்தான் இருக்கும்.

என்னோடு அறையில் இருந்தவன் நாமக்கல் பக்கத்துப் பையன். ஜாவாவில் என்னைவிடக் கெட்டிக்காரன். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்ததால் வந்த இரண்டாவது வாரமே பார்சல் கிடங்கில் ராத்திரி வேலைக்குச் சேர்ந்துவிட்டான். விடிகாலை நாலு மணிக்கு வந்து பூட்ஸைக் கழற்றாமல் படுப்பான், எட்டு மணி வகுப்புக்கு நான் எழுப்பினால் "நோட்ஸ் அனுப்பிருடா" என்பான். இங்கே பரீட்சைக்குத் தனியாகப் பதிவு செய்யவேண்டும். எழுதித்தான் பார்ப்போமே என்று ஐந்து பாடத்துக்கும் பதிந்தான். இரண்டுக்குப் போகவே இல்லை. பதிவை உரிய தேதிக்குள் நீக்காமல், மருத்துவர் சான்றிதழும் இல்லாமல் போகாமல் இருந்தால் 5.0, அதாவது ஃபெயில், ஒரு தடவை காலி. தியரி பாடம் மூன்றாவது தடவையும் போனபோது அவன் கையில் காசு நிறைய இருந்தது. ஒரு காரே வாங்கியிருக்கலாம். இப்போது ஊரில் அப்பாவின் கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொள்கிறான், என்னைவிட வசதியாகத்தான் இருக்கிறான், அவனை நினைத்து யாரும் வருத்தப்பட வேண்டாம். ஆனால் எல்லோர் வீட்டிலும் கோழிப்பண்ணை இல்லை.

படிப்பு எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவே இல்லை. யாரும் கேட்பதில்லை. நாம் லோக்கல் ஆத்தர் புத்தகம் வாங்கி, 2 மார்க், 16 மார்க் என்று பிரித்து மனப்பாடம் செய்து பாஸான கூட்டம். தியரி பாடத்தில் வருகிற பம்பிங் லெம்மா என்ற தேற்றத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், செமஸ்டரில் 16 மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். இங்கே வாரா வாரம் பயிற்சித் தாள் கொடுப்பார்கள். பல பாடங்களில் அதில் பாதிப் புள்ளி எடுத்தால்தான் பரீட்சை எழுதவே விடுவார்கள். ஒரு நாள் டியூட்டர், என் வயதுப் பெண்தான், என்னைப் பலகைக்குக் கூப்பிட்டாள். எழுதினேன், எல்லாம் சரி. "இந்தச் சரத்தை ஏன் எடுத்துக்கொண்டாய்?" என்று கேட்டாள், ஸ்ட்ரிங் என்கிறோமே, அந்த எழுத்து வரிசையை. புத்தகத்தில் அதுதான் இருந்தது என்று எப்படிச் சொல்வது? சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை, வேறொரு சரத்தைக் கொடுத்து அது ஏன் உதவாது என்று என்னையே சொல்ல வைத்தாள். கால் மணி நேரம் ஆனது. நான்கு வருஷம் பி.இ.யில் கற்றதைவிட அந்தக் கால் மணியில் அதிகம் கற்றேன் என்றால் என் பழைய ஆசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

அதனால் முதல் செமஸ்டரில் வேலைக்குப் போகாதீர்கள். ஒரு வருஷச் செலவு முழுவதும் கையில் இருந்தால் மட்டும் கிளம்புங்கள். இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் சரவணம்பட்டியில் இருந்து சேர்த்துக்கொண்டு வாருங்கள். தறி ஓடுகிற வீட்டில் வட்டி என்னவென்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம், எங்கள் வீட்டில் மஞ்சள் விலை விழுந்த வருஷத்தையெல்லாம் பார்த்தவன்தான் நானும். இரண்டாவது செமஸ்டரிலிருந்து துறையிலேயே ஹீவி வேலை கேளுங்கள், பேராசிரியருக்கு உதவியாளர் வேலை அது. காசு குறைவு, ஆனால் மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள்தான் வேலை செய்யலாம் என்கிற வரம்பில் அது சேராது. மூன்றாவதில் கம்பெனியில் வெர்க்ஸ்டூடன்ட், படித்துக்கொண்டே செய்கிற பகுதி நேர வேலை. அங்கேதான் பின்னால் வேலை கிடைக்கும், தீசிஸையும் அங்கேயே செய்யலாம். அடுத்தவர் ஐடியில் சாப்பாடு டெலிவரி ஓட்டலாம் என்று நம்மாட்கள் சொல்வார்கள். மாட்டினால் அவர்களுக்கு அக்கவுண்ட் போகும், உங்களுக்கு விசா போகும்.

ஜெர்மன் எதற்கு என்கிறீர்கள். எனக்கு சனிக்கிழமைதோறும் வாட்ஸப்பில் கடிதப் படங்கள் வருகின்றன, வாசித்துச் சொல்லச் சொல்லி. அனுப்புகிறவர்கள் பத்து வருஷமாக இங்கே இருப்பவர்கள், பெரிய பதவி, பொங்கல் விழாவில் மேடையில் தமிழ் வளர்ப்பது பற்றிப் பேசுகிறவர்கள். ஒருவர் மஞ்சள் உறையில் வந்த கடிதத்தைப் பிரிக்காமலேயே ஒரு மாதம் ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தார், விளம்பரம் என்று நினைத்தாராம். மஞ்சள் உறை என்றால் கொண்டு வந்து போட்ட தேதியைத் தபால்காரர் உறைமேலேயே எழுதிவிட்டுப் போவார், அன்றைக்கே பதில் சொல்லவேண்டிய கெடு ஓட ஆரம்பித்துவிடும். ரேடியோ டிவி கட்டணம், மாதம் 18.36 யூரோ, டிவி இல்லாத வீட்டுக்கும் உண்டு. அதன் கடிதத்தைக் குப்பையில் போட்டு அபராதத்தோடு கட்டியவர்கள் பட்டியல் தனியாக இருக்கிறது. படிப்பை முடித்தபின் வேலை தேட 18 மாதம் கொடுக்கிறார்கள். அந்த 18 மாதத்தில் ஜெர்மன் கற்கலாம் என்று நினைக்காதீர்கள், அப்போது மனசு நிற்காது. கோவையிலேயே பி1 என்கிற நடுத்தர நிலை வரை முடித்துவிட்டு வாருங்கள்.

நான் கற்றது ஒரு கிழவியிடம். வந்து இறங்கியபோது தங்க இடம் இருக்கிறது என்று நம்மூர் சீனியர் ஒருவர் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் சமையலறையில் ஒரு மெத்தை, ரொக்கமாக 250 யூரோ. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரி பதியவேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். சீனியர் தர மறுத்துவிட்டார். அவரே வீட்டுக்காரருக்குத் தெரியாமல் உள்வாடகை விட்டிருக்கிறார்! முகவரி இல்லாமல் விசா நீட்டிப்புக்கு எங்கே போவது? பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் கையால் எழுதி ஒட்டியிருந்த ஒரு சீட்டைப் பார்த்துப் போய்த்தான் அந்த அம்மாள் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. கிழக்கு ஜெர்மனி காலத்தில் பள்ளியில் ரஷ்ய மொழி ஆசிரியை, ஆங்கிலம் ஒரு வார்த்தை வராது. ஊறுகாய் பாட்டிலை மூடியோடு, தெருவில் பழைய பாட்டில் போடுகிற தொட்டியில் போட்டதற்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை போட்டதற்கு இன்னொரு அரை மணி நேரம், சத்தம் கேட்குமாம். சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாளை மேசையில் விரித்து, விலையை என்னையே வாசிக்கச் சொல்வார். தப்பாகச் சொன்னால் மேசையில் தட்டுவார். நான் வைத்த அரிசிம்பருப்பு சோற்றுக்குக் கூட என்ன தொட்டுக்கொள்வது என்று தெரியாமல் ஆப்பிள் கூழை எடுத்து வந்தார். பரவாயில்லை, நன்றாகவே இருந்தது. இப்போதும் பச்சை, வெள்ளை, பழுப்பு என்று நான் பாட்டில் பிரிக்கிற வேகத்தைப் பார்த்து என் மனைவி கேலி செய்வாள்.

ஏஐ பற்றி: பம்பிங் லெம்மாவை ஏன் என்று கேட்கத் தெரிந்தவருக்கு ஏதோ ஒரு வேலை இருக்கும், அதற்குமேல் எனக்கு ஜோசியம் தெரியாது. குளிருக்கு ஜாக்கெட் இங்கே வந்து வாங்குங்கள், திருப்பூரில் வாங்குவது இந்தக் குளிருக்குத் தாங்காது. அரிசி, பருப்பு, புளி எல்லாம் ஆசியக் கடையில் கிடைக்கிறது, அவற்றுக்காகப் பெட்டியில் எடையை வீணாக்காதீர்கள். குக்கர் மட்டும் கொண்டு வாருங்கள், அடி தட்டையாக இருக்கட்டும், இங்கே பெரும்பாலும் கரண்ட் அடுப்பு. கேஸ்கெட் இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், அந்த அளவு இங்கே கிடைப்பதில்லை.