காற்றோட்டமும் மருந்தும் சேர்ந்த ஷூ சோல் செய்தால் கால் பிரச்சினை தீருமா?

நாள் முழுக்க ஷூவோடு நிற்கிற வேலை. மாலையில் கழற்றினால் நாற்றம், உள்ளங்கால் எரிச்சல், விரலிடுக்கில் அரிப்பு. அதனால் துளை போட்டு மருந்தும் ஏற்றிய சோல் ஒன்றை நாமே வடிவமைத்து, நன்றாக வந்தால் விற்கவும் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இது புது யோசனை. எனக்குப் பழைய புண்.

சுருக்கமாக: காற்றுக்கு வழி செய்யுங்கள், மருந்தைச் சோலில் ஏற்றாதீர்கள். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கும்.

அதற்கு முன் ஒன்று. நான் டாக்டர் இல்லை. காலணித் தொழிற்சாலைகளில் சாம்பிள் பிரிவில் பல வருடம் இருந்தவன். பேட்டர்ன் வெட்டுவது, இன்சோல் அடுக்குவது, லாஸ்ட் என்கிற கால் வடிவ அச்சின் மேல் அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, இழுத்துப் பார்ப்பது, இதுதான் என் படிப்பு. "போட்டிக்கு ஆள் வராமல் தடுக்கப் பார்க்கிறான்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: நான் இப்போது எதையும் விற்பதில்லை. "சோலுக்கும் இன்சோலுக்கும் வித்தியாசம் தெரியாதா" என்று வருகிறவர்களுக்கு: தெரியும். கேட்டவர் சோல் என்று சொல்வது காலுக்கு அடியில் படுகிற உள் தகட்டை. நானும் சில இடங்களில் அப்படியே விட்டுவிட்டேன்.

வியர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாது. இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் 2.5 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருப்பதாகச் சொல்வார்கள். அந்த ஈரத்தில் ஊறிய தோலைத் தின்று வாழ்கிற பாக்டீரியாக்கள்தான் வாடையைக் கிளப்புகின்றன. வியர்வையில் இருக்கும் லியூசின் என்ற அமினோ அமிலத்தை அவை உடைக்கும்போது ஐசோவலெரிக் அமிலம் வருகிறது. சாக்ஸில் அடிக்கிற அந்தப் புளித்த வாடை பெரும்பாலும் அதுதான். விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண் வேறு கதை, அது பூஞ்சை. உள்ளங்காலில் குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தால் அது மறுபடி பாக்டீரியா. எரிச்சலுக்கோ நரம்பு, சர்க்கரை, அலர்ஜி என்று பல காரணம் இருக்கலாம். நீங்கள் மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. ஆனால் நாற்றமும் சேற்றுப்புண்ணும் வளர இரண்டுக்கும் பொதுவாக ஒன்று வேண்டும்: ஈரம். ஈரம் போனால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

சரி, ஈரம் எப்படிப் போகும்? துளை போட்டால் காற்று வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கடையில் துளைத்துளையாக இருக்கும் இன்சோலை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். துளை கீழே எங்கே போய் முடிகிறது? பெரும்பாலும் இன்சோல் போர்டின் மேல், அதாவது இன்சோலுக்கு அடியில் இருக்கும் கெட்டி அட்டையின் மேல். சுவரில் முட்டுகிற மாதிரி. அதற்குள் இருக்கும் காற்றுக்கு வெளியே போக வழியே இல்லை. ஈவா (EVA) என்கிற பிளாஸ்டிக் ஃபோமாக இருந்தால் இன்னும் மோசம். அதன் குமிழ்கள் ஒவ்வொன்றும் மூடியவை, காற்றையும் விடாது, வியர்வையையும் குடிக்காது. பியூ (பாலியூரித்தேன்) ஃபோமில் திறந்த குமிழ் வகை ஈரத்தைக் குடிக்கும், ஆனால் குடித்ததை எளிதில் விடாது.

காற்று நகர வேண்டுமென்றால் அதைத் தள்ள ஏதாவது வேண்டும். தள்ளுகிற சக்தி ஏற்கெனவே காலில் இருக்கிறது. நடக்கும்போது குதிகால் தரையில் படும் நொடியில் உடல் எடையைவிடச் சற்று அதிகமான விசை இறங்குகிறது, ஓடும்போது அது எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு. குதிகாலுக்கு அடியில் ஒரு சின்ன வெற்றிடம் விட்டால் அது கொல்லன் துருத்தி மாதிரி வேலை செய்யும்: மிதித்தால் காற்றைத் தள்ளும், தூக்கினால் இழுக்கும். அந்தக் காற்று போக வாய்க்கால் வேண்டும். வாய்க்காலை எடை இறங்கும் இடத்தில் வெட்டினால் மிதிக்கும்போதே நசுங்கி அடைத்துக்கொள்ளும். பாத வளைவுக்கு அடியில்தான் எடை குறைவு, அதனால் வாய்க்கால் அந்த வழியாக முன்னே போக வேண்டும். கடைசியில் வெளியே போகும் வாசல் விரல்களுக்குப் பக்கத்திலோ அப்பரின் ஓரத்திலோ இருக்க வேண்டும். அப்பர் முழுக்க ரெக்சின் என்றால் நீங்கள் அடியில் என்ன வித்தை செய்தாலும் உள்ளே இருக்கும் அதே சூடான காற்று உள்ளேயே சுற்றிவரும்.

தரையில் படுகிற அவுட்சோலையே துளைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். மாரியோ மொரெட்டி பொலேகாட்டோ என்ற இத்தாலியர் அமெரிக்காவில் ரீனோ நகரத்தில் நடந்துகொண்டிருந்தபோது கால் சூடு தாங்காமல் கத்தியால் தன் ஷூவின் ரப்பர் சோலில் துளை போட்டார் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1995-ல் ஜியாக்ஸ் கம்பெனி வந்தது அதிலிருந்துதான். ஆனால் துளை போட யாராலும் முடியும். மழைத்தண்ணீர் அந்தத் துளை வழியாக ஏறி வராமல், நீராவி மட்டும் வெளியே போகிற ஒரு சவ்வை நடுவில் வைத்ததில்தான் அவர் ஜெயித்தார். அந்தச் சவ்வு இல்லாமல் வீட்டில் டிரில் எடுத்து இறங்காதீர்கள்.

இனி என் கதை.

ஒரு கம்பெனியில் இருந்தபோது மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. மருந்து இன்சோல் வேண்டும், காற்றோட்டம் வேண்டும், பச்சை நிறத்தில் வேண்டும். கடைசி நிபந்தனைக்குத்தான் அதிக அழுத்தம். கற்பூரம், மெந்தால், ஏதோ மூலிகைச் சாறு எல்லாம் கலந்த கரைசலில் ஃபோமை ஊறவைத்து, காயவைத்து, மேலே மெல்லிய துணி ஒட்டி, டை என்கிற வெட்டு அச்சு வைத்துத் துளை அடித்துக் கொடுக்க வேண்டும்.

செய்து கொடுத்தோம். பேக்கிங் பகுதியில் நாள் முழுக்க நிற்கிறவர்களைப் போட்டுப் பார்க்கச் சொன்னோம். முதல் வாரம் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம், கால் ஜில்லென்று இருக்கிறதாம். மெந்தால் தோலில் குளிரை உணரும் நரம்பு முனையைத் தூண்டிவிடும், அவ்வளவுதான். காலின் சூடு ஒரு டிகிரி கூடக் குறைந்திருக்காது. கற்பூரமும் மெந்தாலும் ஆவியாகிற சரக்கு. கொஞ்ச நாளில் ஜில் போய்விட்டது, வாடை திரும்பி வந்தது.

போட்டுத் தேய்ந்த ஜோடிகளை வாங்கி மேஜையில் வைத்து நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். துளைகளில் பாதி அடைத்திருந்தது. சாக்ஸின் நூல்பிசிறும் உதிர்ந்த தோலும் கரைசலின் பிசுக்கோடு சேர்ந்து சாம்பல் நிறத் தக்கையாக இறுகியிருந்தது. ஊசியால் குத்தித் தள்ளினால் முழுசாக வெளியே வந்து விழுந்தது. அணிந்தவர்களின் காலைப் பார்த்தால் முன்பாதத்தில், அதிகம் எடை தாங்கும் அந்த எலும்பு மேட்டுக்கு நேர்கீழே, வட்டம் வட்டமாகத் தடம். துளை பெரிதாக இருந்தால் அதன் விளிம்பு தோலை அழுத்தும். மரத்துப்போன காலாக இருந்தால் அந்த விளிம்பே புண்ணாக்கிவிடும்.

காற்று நகர்கிறதா என்று பார்க்க என்னிடம் ஒரு சின்ன வழி உண்டு. ஷூவின் ஓரத்தில் காற்று வெளியேற வேண்டிய துளைக்கு நேரே டிஷ்யூ பேப்பரில் மெல்லிய கீற்றை ஒட்டி ஒருவரை நடக்கவிடுவேன். அந்தப் பச்சை இன்சோல் உள்ள ஷூவில் கீற்று அசையவே இல்லை.

எனக்குப் புரிந்த விஷயம் இதுதான், உங்கள் கேள்விக்கும் இதுதான் பதில். மருந்து சோலிலிருந்து தோலுக்கு வர வேண்டுமென்றால் நடுவே ஈரம் வேண்டும். கிருமியைத் தடுக்கச் சேர்க்கிற வெள்ளி அயனியாகட்டும் வேறு மருந்தாகட்டும், காய்ந்த தகட்டிலிருந்து, அதுவும் ஒரு சாக்ஸைத் தாண்டி, தானாக நடந்து வராது. காற்றோட்டத்தின் வேலையோ ஈரத்தை வெளியேற்றுவது. ஆவியாகிற மருந்து என்றால் காற்றோட்டம் நன்றாக இருக்க இருக்க அது சீக்கிரம் தீர்ந்துபோகும். எப்படிப் பார்த்தாலும் ஒன்று நன்றாக வேலை செய்தால் மற்றது வேலை செய்யாது. அப்புறம் அளவு. மருந்து என்றால் இவ்வளவு, இத்தனை நாளுக்கு என்று ஒரு கணக்கு உண்டு. அதிகம் வியர்க்கிறவருக்கும் குறைவாக வியர்க்கிறவருக்கும் ஒரே ஃபோம் எவ்வளவு விடும் என்று யார் சொல்வது?

நான் வேறு ஒரு படம் வரைந்து கொடுத்தேன். மருந்தே இல்லை. குதிகாலில் வெற்றிடம், வளைவின் வழியாக வாய்க்கால், விரல்களுக்கு அடியில் 2 மி.மீ. துளைகள், எலும்பு மேட்டுக்கு நேர்கீழே துளையே கிடையாது. கழற்றித் துவைத்துக் காயவைக்கிற மாதிரி, ஒரு ஜோடி ஷூவுக்கு இரண்டு ஜோடி இன்சோல். ஒன்று காலில் இருக்கும்போது மற்றது காயும். சாம்பிள் செய்து நடக்கவிட்டபோது ஒவ்வொரு மிதிக்கும் அந்தக் கீற்று படபடத்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

கூட்டத்தில் விற்பனைப் பிரிவுக்காரர் அதை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். "மருந்து வாசனையே வரலையே" என்றார். அதோடு முடிந்தது. பச்சை இன்சோல்தான் சந்தைக்குப் போனது. அட்டைப்பெட்டியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் படம். நன்றாகவும் விற்றது, அதுதான் வயிற்றெரிச்சல்.

இந்த இடத்தில் சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இன்சோலைப் போட்டுப் பார்த்த பேக்கிங்காரர்களிடம், இதில் என்ன மாற்றினால் நன்றாக இருக்கும் என்று ஒரு தாள் கொடுத்து எழுதச் சொன்னோம். அதில் ஒரு பெண் "உட்கார ஒரு ஸ்டூல்" என்று எழுதியிருந்தார். அதை யாரும் அறிக்கையில் சேர்க்கவில்லை. நான் சேர்க்கச் சொன்னேன், அது இன்சோல் சம்பந்தப்பட்டதில்லையாம். மனிதரை மணிக்கணக்கில் நிற்கவைத்துவிட்டு, காலுக்கு அடியில் என்ன வைக்கலாம் என்று லட்சங்களைக் கொட்டி ஆராய்ச்சி. மூடிய கறுப்பு ஷூதான் போட வேண்டும் என்று சட்டம் போடுகிற முதலாளிகள் தங்கள் அறைக்குள் செருப்போடுதான் இருக்கிறார்கள். போகட்டும்.

மருந்து சேர்ப்பதில் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. துணியில் வெள்ளி, துத்தநாகம் ஏற்றினால் அந்தத் துணியில் கிருமி வளர்வது குறையும், இன்சோல் நாறுவதும் குறையும். ஆனால் அது இன்சோலுக்குச் செய்கிற பாதுகாப்பு, காலுக்குச் செய்கிற வைத்தியம் இல்லை. கரித்தூள் அடுக்கு வாடையை உறிஞ்சும், நிறைந்ததும் நின்றுவிடும். சேற்றுப்புண் என்றால் டெர்பினாஃபின், க்ளோட்ரிமசோல் மாதிரி களிம்பு தோலில் நேராகப் படவேண்டும். ஷூவுக்குள் பூஞ்சை விதைகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால் இன்சோலையும் மாற்ற வேண்டும்.

ரசாயனத்தோடு விளையாடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு உதாரணம். ஷூக்களும் சோபாக்களும் பூஞ்சை பிடிக்காமல் இருக்க டைமெத்தில் ஃபியூமரேட் என்ற பொருளைப் பொட்டலமாகப் போட்டு வைத்தார்கள். ஐரோப்பாவில் அந்தச் சரக்கை வாங்கிய பலருக்குத் தோல் வெந்துபோனது மாதிரி அலர்ஜி வந்தது. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று தடை போட்டது. அத்தனை சின்ன அளவு. நீங்கள் வீட்டில் கரைசல் கலக்கி ஃபோமை ஊறவைக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான ஒன்று. உங்களுக்கோ, வாங்கப் போகிறவருக்கோ சர்க்கரை நோய் இருந்தால் மருந்து இன்சோல் பக்கமே போகக் கூடாது. ஆணிக்காலுக்கு ஒட்டுகிற மருந்துப் பட்டையில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும், உணர்ச்சியில்லாத காலுக்கு அது தெரியாது. 10 கிராம் அழுத்தம் கொடுக்கிற நைலான் இழையால் டாக்டர்கள் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள், அந்தத் தொடுதல் தெரியவில்லை என்றால் அந்தக் காலுக்கு வேறு விதி. வேலூரில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பால் பிராண்ட், அவர்கள் காலில் புண் வருவது சதை தானாக அழுகுவதால் அல்ல, வலி தெரியாமல் ஒரே இடத்தை மிதித்துக்கொண்டே இருப்பதால் என்று காட்டினார். அதற்கு உதவியது மிருதுவான மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு. அழுத்தத்தைப் பரப்பியதுதான் அங்கே பலன் தந்தது, ரப்பரில் மருந்து எதுவும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் செய்யத்தான் போகிறீர்கள் என்றால் தடிமனைப் பாருங்கள். இருக்கிற இன்சோலை எடுக்காமல் அதன் மேல் 5 மி.மீ. ஏற்றினால் விரல்கள் அப்பரில் இடிக்கும், புதிதாக ஆணிக்கால் வரும். ஜெல் வேண்டாம், கனம், காற்றும் விடாது. காலில் போடும் முன்னும் மாலையில் கழற்றிய பிறகும் இன்சோலை எடை போடுங்கள், உள்ளே தங்கிய வியர்வை கிராம் கணக்கில் தெரியும். மறுநாள் காலையில் மறுபடி எடை போடுங்கள். எடை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால் துளையை மாற்ற வேண்டாம், ஃபோமை மாற்றுங்கள்.

உங்கள் ஷூவின் அப்பர் என்ன, தோலா, ரெக்சினா, வலைத்துணியா என்று நீங்கள் சொல்லவில்லை. சாக்ஸ் பருத்தியா என்றும் தெரியவில்லை. இரண்டையும் எழுதுங்கள், வாய்க்காலை எந்தப் பக்கம் திறப்பது என்று அப்புறம் சொல்கிறேன்.